வடக்குப் பிரபுவிடம் நாங்கள் சரணடைந்த விபரம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பும் பாசமும் நிறைந்த தம்பி மெல்ரோய்க்கு, அக்கா மாகிரட் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் கருணையினால் நானும் உன் அத்தானும் இக்கடிதம் எழுதும் இந்நேரம் உயிரோடு இருக்கிறோம். இவ்விடத்தில் 'நலமாக இருக்கிறோம்' என்று எழுதுவதுதான் மரபு. அதை எழுத என் மனச்சாட்சி இடந்தரவில்லை. ஏனென்றால் இந்த மாரிக்குள் நாங்கள் பல தடவை பட்டினியால் இறந்துபோனோம், இடையில் கொள்ளைநோயும் வந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் நீ. நீயும் நிரோஷினியும் பிள்ளைகளும் மெல்பேர்ணில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நிரோஷினியும் பிள்ளைகளும் அப்படியே இருக்கட்டும். உனக்கு இதை வாசித்து முடியும்வரைக்கும் கொஞ்சம் உறுத்த வேண்டும்.

ஏன் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ மேலாலே பார்த்துவிட்டு ஒரு மஞ்சள் பெருவிரலை அனுப்புவாய். ஒரு நாடு அழிந்த கதைக்குப் பெருவிரல் போதாது.

உனக்குத் தெரியும், அத்தான் துறைமுகத்தில் இழுவைப் படகுக் கெப்டனாக இருந்தவர். மலை மாதிரிக் கப்பல்கள் எல்லாம் அவருடைய சொல்லுக்குத் திரும்பின. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு திருப்புவதற்கு ஒன்றுமில்லை, நான்தான் இருந்தன். குசினியில் நான் தேங்காய் திருவினால் பின்னால வந்து நின்று, "கொஞ்சம் இடப்பக்கம்... இன்னும் இடப்பக்கம்... ஆ, நிப்பாட்டு" என்பார். அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான் நீ இஞ்ச வந்து நின்றபோது பழைய லப்டொப்பில் அந்த ராசாக்களின்ர விளையாட்டைப் போட்டுக் கொடுத்தனி. கோட்டை கட்டுறது, படை அனுப்புறது, பக்கத்து ஊரைப் பிடிக்கிறது. நல்ல காரியம் செய்தனி, இல்லையெண்டு நான் சொல்லேல்லை. அவர் பிளேன்ரீ ஆறுறதுக்குள்ள ஒரு மாகாணத்தைப் பிடிச்சார், நான் நிம்மதியாச் சமைச்சன். அதோட நீ வாயை மூடியிருக்கலாம். அவர் ரெலிபோனில "மச்சான், இது பாலர் வகுப்புப் பிள்ளையளுக்குச் செய்ததோ, சும்மா தோக்கிறாங்கள்" எண்டு சொல்ல, நீ என்ன சொன்னனி? "அத்தான், இதுக்கு மேல போடுற ஒரு மொட் இருக்கு, அதைப் போட்டா ஒருத்தராலயும் லேசில வெல்ல ஏலாது" எண்டாய். அந்த மனுசனிட்ட 'ஏலாது' எண்டு சொல்லலாமோ, தம்பி?

மொட் எண்டா என்னெண்டு இப்ப எனக்கும் தெரியும். விளையாட்டு லேசா இருக்குதெண்டு கவலைப்பட்ட ஆக்கள் கூடியிருந்து புதுசு புதுசாச் சட்டம் எழுதி, இருக்கிற விளையாட்டுக்கு மேல ஏத்தி வைக்கிறது. அதை இன்ரநெற்றில இருந்து இறக்கிற நாள் இடிமழை. பாதி வரும், சிக்னல் போகும், திரும்பி முதலில இருந்து வரும். வந்து முடிஞ்சதும் அத்தான் அதைப் போட வேண்டிய இடத்தில போடாமல் வேற எங்கயோ போட்டிட்டார். திறந்து பாத்தா ராசாவுக்குத் தலையில்லை. அங்கி இருக்கு, கை கால் இருக்கு, கிரீடம் மட்டும் அந்தரத்தில நிக்குது. ராணிக்கும் அப்பிடித்தான். குதிரைக்குத் தலை இருந்தது. நான் பயந்து சிலுவை போட்டன். உன்ர அத்தான் என்ன நினைச்சவர் தெரியுமோ? இதுதான் மச்சான் சொன்ன அந்தக் கஷ்டமாக்கும் எண்டு நினைச்சு, தலையில்லாத ராசாவை வைச்சுக்கொண்டு அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் ஆட்சி நடத்தினவர்! "மாகிரட், ராசாவின்ர முகத்தைப் பாக்காமல் மனசை அறியிறதுதான் இதில திறமை" எண்டு எனக்கு விளக்கமும் தந்தவர். பிறகு நீ ரெலிபோனில சொல்லித்தான் கோப்புகளை இடம் மாத்தித் தலைகள் வந்து சேந்தது. வந்த தலையைப் பாத்தா ராசாவுக்கு எங்கட பழைய பங்குச் சுவாமியாரின்ர மூக்கு. அது உன்னில பிழையில்லை.

மொட்டோட வந்த குறிப்பில, புதுசாத் தொடங்கிற ஆக்கள் தெற்கில ஆத்தங்கரை நாட்டை எடுக்கச் சொல்லி இருந்தது. நெல்லு மாதிரிக் கோதுமை விளையுமாம், எதிரியும் குறைவாம். அத்தான் அதைப் பாக்கவே இல்லை. அவர் எடுத்தது வடக்கு மூலையில ஒரு துறைமுகம். உள்ளுக்கு வளைஞ்ச குடா, வாயில ஒரு பாறைமலை, அசல் எங்கட ஊர்தான். "துறைமுகத்தை விட்டிட்டு வயலுக்கு நடுவில போய் நான் ராசாவா இருக்கிறதோ?" எண்டு கேட்டார். அந்த ஊருக்கு நேரே குறிப்பில என்ன எழுதியிருந்தது எண்டு நான் வாசிச்சுக் காட்டினன். 'அழுகையைப் பொருட்படுத்தாதவர்களுக்கு மட்டும்.' அதுக்கும் சிரிச்சவர்.

முதல் பனிக்காலத்தில கடல் உறைஞ்சு போச்சு. அத்தான் கதிரையை விட்டு எழும்பிட்டார். "கடல் எப்பிடியடி உறையும்? நான் கடலில கிடந்த மனுசன், எனக்குச் சொல்லுறானோ?" எண்டு லப்டொப்போட சண்டை. கடல் உறைஞ்சா மீனில்லை. அறுவடை நேரத்தில ஆம்பிளையள் எல்லாரையும் இவர் படைக்கு அனுப்பினதால தானியமும் இல்லை. சனம் செத்துது. திரும்பத் தொடங்கி, படையை வீட்டில வைச்சார். கொள்ளைக்காரன் வந்தான். திரும்பத் தொடங்கி, மீனைக் கருவாடு போட நினைச்சார். உப்பு இல்லை. திரும்பத் தொடங்கி, உப்பு வாங்கினார். களஞ்சியத்தில எலி வந்து, எலியோட நோயும் வந்தது. பிறகொருக்கால் எல்லாம் சரியா வந்த நேரம் ராசா வேட்டைக்குப் போய்த் தடிமன் பிடிச்சுச் செத்துப்போக, அவரோட எப்பவும் பகையா இருந்த ஒண்டைவிட்ட தம்பி பட்டத்துக்கு வந்து கோட்டையை வித்துப்போட்டான். (உன்னைத்தான் நினைச்சன்.)

அது லப்டொப்புக்குள்ள நடந்தாப் பரவாயில்லை. வீட்டிலயும் பனிக்காலம் வந்திட்டுது. அரிசி வாளியைத் திறந்து பாக்கிறார், மூடுறார். அடைமழைக்குள்ள கூரையில சூரை மீன் காயப்போட்டு, ஒழுங்கையில உள்ள பூனையெல்லாம் எங்கட ஓட்டில குடியேறிட்டுது. நான் பேசினன், சிரிச்சன், அயலுக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சன். பிறகு ஒரு நாள் மத்தியானம் அவருக்கு விருப்பமான இறால் கறி வைச்சன். அவர் கையைச் சோத்துக் கோப்பைக்குள்ள வைச்சபடி இருந்தார். "என்னப்பா, உப்புக் காணாதோ?" எண்டன். "மாகிரட், துறைமுகத்தை விட்டு வந்த பிறகு ஒரு சின்ன ஊரைக்கூட என்னால கரைசேர்க்க ஏலாமப் போச்சுதே" எண்டார். அப்பதான் தம்பி எனக்குச் சிரிப்பு நிண்டது.

அடுத்த நாள் அவர் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணிக்குப் போனார். பாயிசை உனக்கு ஞாபகமிருக்கும், அத்தானின்ர படகில எஞ்சின் பாத்தவர். அவருக்கு முழங்காலில ஒப்பரேசன், பாக்கப் போனவர். விளையாட்டைத் திறந்தபடி விட்டிட்டு, "ஒண்டிலயும் கைவைக்காதை, பனிக்காலம் தொடங்குது" எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனார். நான் மேசையைத் துடைக்கத்தான் போனன், சத்தியமா. துணி பட்டதோ என்னவோ, திரையில ஒரு குதிரைக்காரன் ஓலையோட வந்து நிக்கிறான். பக்கத்துக் கோட்டை வடக்குப் பிரபு அனுப்பினதாம். தனக்குக் கீழ்ப்படிஞ்சா எங்களைக் காப்பாத்துவாராம். கீழ 'ஓம்', 'இல்லை' எண்டு ரெண்டு கட்டம் இங்கிலீசில. நான் ஆஸ்பத்திரியில தலைமைத் தாதியா இருந்தவள். பெரிய டொக்டர் வந்து நிண்டா ஓமெண்டு சொல்லிப்போட்டு, அவர் போனாப் பிறகு வாட்டுக்கு எது நல்லதோ அதைச் செய்யிறதுதான் எங்கட வழக்கம். ஓமை அமத்தினன்.

தம்பி, வண்டி வண்டியாக் கோதுமை வந்தது! நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்திட்டன். கொஞ்சம் இஞ்ச குடுத்தன், கொஞ்சம் அங்க குடுத்தன், எலிக்குப் பூனை வாங்கினன். அடுப்பில பருப்பு அடிப்பிடிச்சு மணக்குது, நான் எழும்பேல்லை. கடல் உருகி முதல் வள்ளம் வெளிக்கிட்டதைப் பாத்துக் கை தட்டினன். ஒரு குஞ்சு சாகேல்லை.

பின்னேரம் அத்தான் வந்து குனிஞ்சு பாத்தார்.

"ஆற்ற கொடி இது?"

"வடக்குப் பிரபுவின்ர."

"அப்ப நாங்கள் ஆர்?"

"நாங்கள் அவற்ற ஆக்கள். பாருங்கோவன், சனம் எல்லாம் உயிரோட இருக்கு."

"மானம் எங்க?"

"அதுக்கு இடமில்லையப்பா, களஞ்சியம் முழுக்கக் கோதுமை" எண்டன். பகிடிக்குத்தான் சொன்னன். அவர் நேரே போய் அலுமாரியைத் திறந்து ரெண்டு சேட்டு எடுத்துப் பையில வைச்சுக்கொண்டு, வந்த வழியே பாயிஸ் வீட்டுக்குத் திரும்பிப் போனார். குடையையும் விட்டிட்டுப் போனார்.

போகட்டும் எண்டு நானும் விறைப்பா இருந்தன். ஆனா வீடு சத்தமில்லாமக் கிடந்தது. தேங்காய் திருவினன், இடப்பக்கம் வலப்பக்கம் சொல்ல ஒருத்தரில்லை. தேங்காய்ப்பூ நல்லாத்தான் விழுந்தது, சம்பல் மட்டும் ருசிக்கேல்லை. ரெலிபோன் எடுத்துக் கதைக்க எனக்கும் ரோசம் விடேல்லை. கடைசியில எடுத்தது பாயிசின்ர மனுசி லைலா. "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கெப்டனை வந்து கூட்டிக்கொண்டு போங்க. என்ட குசினியில நிண்டுகொண்டு பாரை மீனை எந்தப் பக்கத்தால வெட்டணும் எண்டு எனக்குச் சொல்லித் தாறார். அரிசி மூட்டையைத் தட்டித் தட்டிப் பாக்கிறார். என்ட மனுசனுக்கெண்டா கால் ஏலாது, ஓடித் தப்பவும் வழியில்ல" எண்டு ஒரே மூச்சில சொன்னா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கினது.

குடையை எடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ் ஏறினன், பாலம் கடந்து ஆட்டோ பிடிச்சன். அத்தான் களப்புத் தண்ணியைப் பாத்தபடி கதிரையில இருந்தார். என்னைக் கண்டதும் தாடியைத் தடவினார், தாடியே இல்லை அவருக்கு. "குடை கொண்டு வந்தனான்" எண்டன். "மழை விட்டிட்டுது" எண்டார். அவ்வளவுதான் எங்கட கதை. கட்டிலில படுத்திருந்த பாயிசுக்குப் பொறுக்கேல்லை.

"கெப்டன், ஒண்டு கேக்கன். அண்டைக்கு வெளிக்கடலில நம்மட எஞ்சின் நிண்டு, பாறைக்கு நேரே இழுபட்டுப் போனமே. மத்தப் படகு கயிறு எறிஞ்சது. நீங்க பிடிச்சீங்களா, இல்ல மானம் போகும் எண்டு விட்டீங்களா?"

"பிடிச்சன்" எண்டார் அத்தான்.

"பிடிச்சதாலதானே நான் இண்டைக்கு முழங்கால் நோகுது எண்டு சொல்லிக்கொண்டு கிடக்கன்."

அத்தான் என்ர கையில இருந்த குடையை வாங்கி மடியில வைச்சார். பிறகு என்னைப் பாக்காமல் கேட்டார், "உன்ர பிரபு அறுவடையில எவ்வளவு கேக்கிறான்?" பத்தில ஒண்டு எண்டன். "கயிறு எறிஞ்சவனுக்கு அது குடுக்கலாம்" எண்டார். உடனே லைலா, அவர் மனம் மாற முதல் சோத்தைப் போட்டா. தம்பி, அந்த மனுசன் ரெண்டாம் தரமும் போடச் சொல்லிச் சாப்பிட்டதைப் பாத்து என்ர மீன் துண்டையும் அவற்ற கோப்பையில வைச்சன். சந்தோசத்தில. பாரை மீன் பிழையான பக்கத்தாலதான் வெட்டியிருக்கெண்டும் சொன்னார்.

இப்ப எங்களுக்குள்ள ஒரு உடன்படிக்கை. பனிக்காலம் என்ர ஆட்சி, கோடைகாலம் அவற்ற ஆட்சி. சண்டையில்லை, ஆனா வீடு வீடாயில்லை. மழையில உடுப்பு கொடியில நனையுது, நான் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போக மறந்து சிஸ்டரிட்ட ஏச்சு வாங்கினன், என்ர ஆட்சி நடக்கேக்க அவர் பின்னால நிண்டு "வண்டியை இடப்பக்கம்" எண்டு தொடங்கிறார். ஆகவே நாங்கள் இருவரும் ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்துள்ளோம். இந்த மொட்டைக் கழற்றி எறியும் வழியை நீ தயவுசெய்து விபரமாகவும், ராசாவின் தலை மறுபடி காணாமல் போகாத விதமாகவும், உடனே எழுதி அனுப்பவும்.

நிரோஷினிக்கு என் அன்பு. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒவ்வொரு முத்தம் கொடு. உன்னுடைய களஞ்சியம் எப்போதும் நிறைந்திருக்கவும், உன் வீட்டுக் கடல் ஒருநாளும் உறையாதிருக்கவும் மாதாவை மன்றாடுகிறேன்.

இங்ஙனம்,
உன்னில் கோபமும் பாசமும் உள்ள அக்கா,
மாகிரட் சூசைப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில அத்தான் முன்னறையிலயிருந்து கத்தினார். ஓடிப்போய்ப் பாத்தன். வடக்குப் பிரபு குதிரையால விழுந்து காலமாகிட்டார். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு விசுவாசமா இருந்த ஆக்களில மூத்தது நாங்களாம், முழு வடக்கும் எங்கட கைக்கு வந்திட்டுது, கோட்டையோட! கழட்டுற வழியை எழுதாதை, எழுதினாலும் நாங்கள் வாசிக்க மாட்டம். இதைவிடக் கஷ்டமான மொட் இருந்தா அனுப்பு. அத்தான் இப்ப பாயிசுக்கு ரெலிபோன் எடுத்து, சரணடையிற யோசனை முதல் நாளே தன்ர மனசில இருந்ததெண்டும், என்னைக் கொண்டு அதைச் செய்விச்சதுதான் தன்ர கெட்டித்தனமெண்டும் விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கிறார்.