நூறு வருஷத்துப் பெஞ்சு

வார்னிஷ் அடித்து முடித்த பெஞ்சைத் தள்ளி நின்று ரசித்திருக்கலாம். தலைமை எழுத்தர் உட்கார்ந்து ரசித்தார். அதே பெஞ்சில்.

தப்பு முழுக்க அவருடையது என்றும் சொல்லிவிட முடியாது. காலையிலிருந்து குனிந்து குனிந்து இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. முப்பத்தாறு வருஷம் ஆபீஸ் நாற்காலியில் பழகிய உடம்பு, ஒரு வேலை முடிந்தால் யாரையும் கேட்காமல் தானாகவே உட்காரும். எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் பெஞ்சும் கூடவே எழுந்திருக்கப் பார்த்தது.

அவர் இந்தப் பழைய ரயில் மியூசியத்தில் சம்பளமில்லாமல் வேலைசெய்ய வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. காரணம் மனைவி. ரிட்டயரான மூன்றாவது வாரமே அவர் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் எண் ஒட்டி, ஒரு பதிவேடு திறந்து, சர்க்கரை எடுப்பதற்கு மனைவியிடம் கையெழுத்துக் கேட்டார். 'தன்னார்வலர்கள் தேவை' என்ற விளம்பரத்தை அன்றைக்கே பேப்பரிலிருந்து கத்தரித்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"நல்லா சேவை பண்ணுங்க. ஆனா வெளியில போய்ப் பண்ணுங்க."

நாலு மாதம் மூடிக் கிடந்த மியூசியம் ஞாயிற்றுக்கிழமை திறக்கிறது. நீராவி எஞ்சின் ஒன்று இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வரும். இதற்கெல்லாம் பொறுப்பு டிரைவர். நிஜமாகவே ரயில் ஓட்டி ரிட்டயரானவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, எஞ்சினை விட்டு வந்த பிறகும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை அவர்தான் தலைமை எழுத்தரை பிளாட்பாரத்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் இந்தப் பெஞ்சைக் காட்டினார்.

"நூறு வருஷத்துப் பெஞ்சு சார் இது! முதல் ஸ்டேஷன் மாஸ்டர் உட்கார்ந்தது! ஞாயித்துக்கிழமை சிறப்பு விருந்தினர் இதுல உட்கார்ந்துதான் சீசனையே திறந்து வைக்கப் போறார்!"

"ஐயோ, இதையா எங்கிட்ட குடுக்கறீங்க?"

"புதுசா வர்ற எல்லாருக்கும் முதல் வேலை இதுதான். ஒரே ஒரு கோட்டு வார்னிஷ். உப்புத்தாள் மட்டும் படவே கூடாது. ஒழுங்கா முடிச்சிட்டீங்கன்னா முதல் வண்டிக்குக் கார்டு நீங்கதான். பச்சைக்கொடி உங்க கையில!"

அந்தப் பச்சைக்கொடியில்தான் தலைமை எழுத்தர் விழுந்தார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட எந்தக் கோப்பும் அன்றைக்கே அடுத்த மேஜைக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவர் கையை ஒரு தடவை அசைத்தால் அறுபது டன் எஞ்சின் நகரப்போகிறது. நினைத்தாலே நெஞ்சு விம்மியது. ராத்திரியே பேத்திக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். அது பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டது. இப்போது ஒரு வகுப்பே ஞாயிற்றுக்கிழமை தாத்தா கொடியசைப்பதைப் பார்க்க வருகிறது.

ஆக, பெஞ்சு பிழைத்தாக வேண்டும்.

தலைமை எழுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுந்தார். அவர் வந்துவிட்டார். பேன்ட்டின் பின்பக்கத்தில் ஒரு பகுதி வரவில்லை.

சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார். பதினைந்து நிமிஷத்தில் அவள் ஒரு பையோடு வந்து நின்று பெஞ்சைப் பார்த்தாள்.

"என்னங்க, பெஞ்சுல என்ன ஒட்டியிருக்கு?"

"பேன்ட்."

"அப்ப பேன்ட்ல என்ன ஒட்டியிருக்கு?"

"பெஞ்சு. வேற பேன்ட் கொண்டாந்தியா இல்லையா?"

கொண்டுவந்திருந்தாள். பத்து வருஷத்துக்கு முந்தைய பேன்ட். மூச்சை உள்ளே இழுத்தால்தான் பொத்தான் விழுந்தது. விட்டால் தெறித்துவிடும். அன்றைக்கு முழுவதும் அவர் சுருக்கமாகப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெஞ்சில் ஒட்டிய துணியை உரித்தார்கள். துணி வந்தது, நூல் நூலாக நார் தங்கிவிட்டது. உப்புத்தாள் படவே கூடாது என்று டிரைவர் சொன்னது தலைமை எழுத்தருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கொஞ்சூண்டு படுவது படுவதில் சேருமா என்று அவர் சொல்லவில்லையே? விதிகளுக்குள் இப்படிச் சந்து கண்டுபிடித்துத்தான் அவர் தலைமை எழுத்தர் ஆனதே.

கொஞ்சூண்டு தேய்த்தார். நார் போனது. கூடவே நூறு வருஷத்து நிறமும் போய், கரும்பழுப்புப் பெஞ்சின் நடுப்பலகையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது.

"முடிஞ்சுது," என்றார். "என் கதை முடிஞ்சுது."

"எதுக்கு இப்படி இடிஞ்சு போறீங்க? டீயை ஊத்துங்க."

"எனக்கு இப்ப டீ இறங்காது."

"உங்களுக்கு இல்லங்க, பெஞ்சுக்கு. வெள்ளைத் துணியில டீக்கறை பட்டா என்ன பண்ணினாலும் போகுதா? மரத்துல மட்டும் பிடிக்காம போயிடுமா?"

அவளுடைய மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. மியூசியத்துக் கேன்டீனை நடத்துகிற அக்காவிடம் போய் டீ கேட்டார். அவள் ஆடுகிற மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் டீ ஊற்றினாள். அந்த மேஜைக்குக் கால் சரியில்லை.

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்மா. ரொம்ப ஸ்ட்ராங்கா. ஒரு சொம்பு நிறைய."

"ஒரு சொம்பா? உடம்பு என்னத்துக்கு ஆகும் சார்?"

"உழைக்கிறேன் இல்ல?"

டீ பிரமாதமாகப் பிடித்தது. வட்டம் இருந்த இடமே தெரியவில்லை. மனைவி வெற்றியோடு வீட்டுக்குப் போனாள். தலைமை எழுத்தர் மூச்சை விட்டார், பொத்தான் ஞாபகம் வந்து மறுபடி இழுத்துக்கொண்டார்.

அரை மணி கழித்துப் பார்த்தால் வட்டம் திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவை கறுப்பாக. அதோடு அது நகர்ந்துகொண்டும் இருந்தது.

எறும்பு.

"டீயில சர்க்கரை போட்டியாம்மா?" என்று கேன்டீனுக்கு ஓடினார்.

"தூக்கலா போட்டேன் சார். பாவம், இந்த வயசுல இவ்வளவு உழைக்கறீங்களேன்னு."

எறும்புக்கு மண்ணெண்ணெய் என்று எல்லோருக்கும் தெரியும். கைவிளக்குகளுக்காக வைத்திருந்த மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்தார். எறும்பு போய்விட்டது. டீ போய்விட்டது. காலையிலிருந்து அடித்த வார்னிஷும் கொழகொழவென்று துணியோடு வந்துவிட்டது. பெஞ்சு இப்போது குளித்துவிட்டுத் தலை துவட்டாத ஆள் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது.

அந்த நேரம் பார்த்து மூலையிலிருந்து டிரைவரின் குரல் கேட்டது. குரல் வந்தால் ஆள் வர அரை நிமிஷம் ஆகும். தலைமை எழுத்தர் பெஞ்சின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடலாம் என்று ஒரு முனையைத் தூக்கித் தள்ளினார். சுவரில் தண்ணீர்க்குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

சடக்.

நடுப்பலகை குறுக்கே பிளந்துவிட்டது.

"என்ன சார், முடிஞ்சுதா?" டிரைவர் வந்துவிட்டார்.

தலைமை எழுத்தர் இரண்டு கையையும் விரித்து பெஞ்சின் முன் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"காயுது."

"ஏன் சுவத்தைப் பார்த்து வெச்சிருக்கீங்க?"

"தூசி."

"அடடா! பொறுப்புன்னா இதுதான் பொறுப்பு!" டிரைவர் மூக்கை உறிஞ்சினார். "என்னமோ மண்ணெண்ணெய் வாசனை வருதே?"

"பழைய கைவிளக்கு."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். "இந்த வாசனைக்காகத்தான் சார் நான் இன்னும் இங்க வந்துகிட்டிருக்கேன். சரி, அஞ்சு மணிக்கு வந்து பார்க்கறேன்."

மணி மூன்று. இனி ஒளிப்பதற்கு எதுவும் இல்லை, மாற்ற வேண்டியதுதான். ஒரு பலகைக்கு எங்கே போவது? கேன்டீனில் ஆணியில் தொங்கிய ஸ்டோர் ரூம் சாவியை, "ஆணி எடுக்கணும்மா," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஸ்டோர் ரூமில் ஒட்டடையும் காலி டின்களும்தான் கண்ணில் பட்டன. கடைசி மூலையில் கோணிச்சாக்கு மூடிய ஏதோ ஒன்று கிடந்தது. சாக்கின்மேல் பூனை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பூனையைத் தூக்கி வைத்துவிட்டுச் சாக்கை விலக்கினார்.

உள்ளே ஒரு பழைய பெஞ்சு! தூசி படிந்து, யாரும் சீண்டாமல், விறகுக்குப் போடத்தான் வைத்திருந்தார்களோ என்னவோ. ஆனால் பலகை? அதே அகலம், அதே கரும்பழுப்பு, அதே வளைவு. இரண்டையும் ஒரே தச்சன் செய்தமாதிரி இருந்தது. தலைமை எழுத்தருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தனக்காகவே யாரோ இதை இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது.

திருகாணிகளைக் கழற்றி ஒரு பலகையை எடுத்தார். அப்புறம் யோசித்து இன்னொன்றையும் எடுத்தார். ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தால் சந்தேகம் வரும் இல்லையா? இரண்டும் நாலு விரற்கடை நீளம் அதிகம். ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். சாக்கை இழுத்து மூடினார். பூனையைப் பழையபடி மேலே வைத்தார். அது இருந்த இடத்தில் இப்போது பலகை இல்லாததால் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவருக்கே நம்பமுடியாத வேகம். பலகை பொருந்தியது, திருகாணி ஏறியது, வார்னிஷ் ஒரே சீராகப் பிடித்தது. இந்தத் தடவை தள்ளி நின்றே ரசித்தார்.

கழற்றிய பழைய பலகைகள் வேலிப் புதருக்குள் போய்விட்டன. அறுத்த துண்டுகளை எங்கே ஒளிப்பது? இரண்டையும் கேன்டீன் மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் செருகினார். மேஜை அசையாமல் நின்றது.

"ஐயோ சார், பதினோரு வருஷமா ஆடின மேஜை! எங்கே பிடிச்சீங்க இப்படி ஒரு கட்டையை? இரும்பா இருக்கே!" என்று அக்கா பூரித்துப்போனாள்.

ஐந்து மணிக்கு டிரைவர் வந்தார். பெஞ்சை முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு மெதுவாக, ஆமாம், வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில் பேசினார்.

"சார். எத்தனையோ பேர்கிட்ட இந்தப் பெஞ்சைக் குடுத்திருக்கேன். இப்படி ஒருத்தர் திருப்பிக் குடுத்ததே இல்ல. போன தடவை வந்தவர் பச்சைப் பெயின்ட்டே அடிச்சிட்டார்."

"பச்சையா?"

"அடியில கை வெச்சுப் பார்த்தா அப்படியே நூறு வருஷத்து மரம்தான் சார். எப்படிக் கொண்டாந்தீங்களோ!" பையிலிருந்து சுருட்டிய துணியை எடுத்து நீட்டினார். "பிடிங்க. நீங்கதான் கார்டு."

பச்சைக்கொடி. தலைமை எழுத்தர் அதை வாங்கினார். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியது! ஆனால் கையில் வந்ததும் அது கனத்தது. டிரைவர் இவ்வளவு நல்லவராக இல்லாமலிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தார். நூறு வருஷம் யார் யாரோ உட்கார்ந்தும் அசையாத பெஞ்சை ஒரு மனுஷன் ஒரே நாளில் தேய்த்து, நனைத்து, உடைத்துவிட்டு, கொடியையும் வாங்கிக்கொண்டு நிற்கிறான். பேத்தி கைதட்டும்போது அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கேன்டீனில் போய் உட்கார்ந்தார். அக்கா ஆடாத மேஜையில் டீயை வைத்தாள். பின்னாலேயே டிரைவர் இரண்டு ஆட்களோடு வந்து ஆணியிலிருந்து ஸ்டோர் ரூம் சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒரு முக்கியமான சாமான் எடுக்கணும்கா!" என்று பழைய குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

தலைமை எழுத்தருக்கு அது காதிலேயே விழவில்லை. மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"ஏம்மா, நான் ஒரு பாவி. அந்த நூறு வருஷத்துப் பெஞ்சை நான் கெடுத்துட்டேன். உப்புத்தாள் போட்டேன், டீ ஊத்தினேன், பலகையைக்கூட உடைச்சிட்டேன். டிரைவர்கிட்ட உண்மையைச் சொல்லிக் கொடியைத் திருப்பிக் குடுத்துடப் போறேன்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அட, இதுக்குப் போயா சார் கண் கலங்கறீங்க? அது புதுசா வர்றவங்க கெடுத்துப் பழகட்டும்னு டிரைவர் பழைய சாமான் கடையில வாங்கிப் போட்ட பெஞ்சு. நிஜமான நூறு வருஷத்துப் பெஞ்சு, யார் கையும் படாம ஸ்டோர் ரூம்ல சாக்கு மூடி பத்திரமா இருக்கு!"