எட்டு மணிக்கு நூத்தி நாப்பது

டாக்டரைப் பார்த்து நோயாளி பயப்படுவதுதான் ஊர் வழக்கம். ஒரு டாக்டரை டெலிபோன் மணிக்குப் பயந்து கொல்லைப்பக்கம் ஓட வைத்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே காரைக்கால் பிரஷர் முசே ஒருவர்தான்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; இவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகன் பிரான்சில். அவன் அங்கிருந்து பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் கீச்சென்று கத்திவிட்டு நம்பர் காட்டும். "தினமும் பார்த்து டாக்டருக்குப் போன்ல சொல்லிடுங்கப்பா" என்று ஒரு கடிதமும் கூடவே வந்தது. வந்தது வினை!

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மாயவரத்திலிருந்து மாற்றலாகி வந்து காரைக்கால் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தேன். ஊரில் யார் போனை எடுத்தாலும் என் குரல்தான் வரும். நான் ஒயரைச் சொருகினால்தான் அடுத்தவரோடு பேச முடியும். இத்தனை பேரைச் சேர்த்துவைத்த எனக்கு, ஷிப்ட் முடிந்தால் பேச ஒரு ஆள் கிடையாது. லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான்.

காலை எட்டடித்தால் முசே லைனில் வந்துவிடுவார். "போன்ஜூர் அம்மா, டாக்டர் வீட்டுக்குக் கொடுங்க. இன்னைக்கு நூத்தி நாப்பது, தொண்ணூறு."

ஒரு வாரம் பொறுத்த டாக்டர் என்மீது பாய்ந்தார். "இந்தாம்மா, ரத்தக்கொதிப்பைக் கம்பியில அனுப்ப அது என்ன தந்தியா? ஆளு வரணும், நான் கையைத் தொட்டுப் பார்க்கணும். இனிமே அவருக்கு லைன் கொடுத்தே, உன் மேல கம்ப்ளெயின்ட் எழுதுவேன்!"

"டாக்டர் லைன் பிஸிங்க" என்று புளுகினேன். "பரவாயில்லை, நீங்களே குறிச்சுக்கங்க" என்றார் முசே. தலையில் அடித்துக்கொண்டு, டிரங்க் கால் சீட்டின் பின்பக்கம் குறிக்க ஆரம்பித்தேன்.

முசே மெஷினை ஊருக்கே பழக்கிவிடவும் பார்த்தார். கருக்களாச்சேரியில் ஒரு மீன்காரம்மா கையில் பட்டையைச் சுற்றினார். "இப்படி இறுக்கிக் கட்டிக் காத்தடிச்சா எவளுக்குத்தான் கொதிக்காது? அவுருங்க முசே, மீனு நாறுது!" என்று அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். திருமலைராயன்பட்டினத்து டீக்கடை பாய் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி முசே, இதுல பாட்டு வருமா?" என்றார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. முதல் சில மாசம் நம்பர் கொஞ்சம் ஏறும், இறங்கும். அப்புறம் மழையானாலும் புயலானாலும் அதே நூத்தி நாப்பது, அதே தொண்ணூறு. என்ன உடம்பு இது, கல்லா என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் எட்டு மணிக்கு "போன்ஜூர்" வரவில்லை. "நூத்தி… நா… நாப்…" என்று நாக்கு குழறியது. டாக்டர் வீட்டு லைனில் ஒயரைச் சொருகினேன். "நீங்க என்னைத் திட்டுறதெல்லாம் அப்புறம் திட்டுங்க. முதல்ல ஸ்கூட்டரை எடுங்க டாக்டர்!"

டாக்டர் உடனே கிளம்பிவிட்டார். மதியம் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"இருநூறைத் தாண்டிடுச்சும்மா. நல்லவேளை, ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு, பிழைச்சுக்குவார்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அந்த மெஷினைத் திறந்து பார்த்தேன். பேட்டரி செத்து எட்டு மாசமாச்சாம், அந்த மாதிரி பேட்டரி இங்கே கிடைக்கலையாம். ஏன் முசே தினமும் பொய் சொன்னீங்கன்னு கேட்டா, 'பேட்டரி இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் எதைச் சொல்லிப் போன் பண்றது டாக்டர்'ங்கிறார்."

லைனை எடுக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

முசே வீடு திரும்பியதும் டாக்டரே சொன்னார்: "எட்டு மணிக்கு அவர் லைனை எனக்குக் கொடும்மா. மெஷினையெல்லாம் நான் நம்பலை. குரலைக் கேட்டாலே பாதி தெரிஞ்சுடுது." அப்புறமும் முசே முதலில் என்னிடம்தான் நம்பரைச் சொல்வார்; எந்த ஹாஸ்டல், சாப்பாடு எப்படி என்றும் விசாரிப்பார்.

சில வருஷம் கழித்து ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. கடைசி நாள் முசேயிடம் சொன்னேன்: "நாளையிலேர்ந்து நீங்களே டயல் பண்ணிடலாம், நடுவுல நான் வேண்டாம்." அவர் "அப்படிங்களா" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்கு எனக்கு டியூட்டி இல்லை. ஹாஸ்டல் கட்டிலில் சும்மா படுத்திருந்தேன். "யாரோ பெரியவர், உனக்குத்தான் போன்" என்று வார்டன் சிடுசிடுத்தாள். ஹாஸ்டலுக்கு எனக்கென்று போன் வந்தது அதுதான் முதல் தடவை.

"போன்ஜூர் அம்மா. நூத்தி நாப்பது, தொண்ணூறு."

பேட்டரி வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கையில் சீட்டு இல்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.