பிறஷர் அண்ணையின் சுடுநீர்ப் பீப்பா

நீர்வேலி வாழைத்தோட்ட வேலையை விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு கொழும்புத்துறைக்கு நடந்த அன்றுதான், யாழ்ப்பாணத்திலேயே காற்றை மட்டும் நம்பி வாழ்ந்த ஒரே மனிதரைச் சந்தித்தேன். பெயர் யாருக்கும் தெரியாது. காற்றழுத்தத்தை வைத்து, பிறஷர் அண்ணை என்றார்கள்.

போரினால் சவர்க்காரம், பற்றரி, டீசல் எல்லாம் தடைசெய்யப்பட்ட காலம். காற்று மட்டும் எப்படியோ பட்டியலில் விடுபட்டிருந்தது. அண்ணை அதை விடவில்லை. கடல்நீரேரியைக் கடக்கும், மண்ணெண்ணெயில் ஓடும் படகில் அவர் எஞ்சின்காரர். எஞ்சின் புகைக்குழாயைச் சுற்றிச் செப்புக்குழாய் ஓட்டி, தகரப் பீப்பா ஒன்றில் சுடுநீர் சேர்த்தார். பீப்பாவின் தலையில் ஒரு சைக்கிள் வால்வு. பம்பால் காற்றடித்தால் பைப்பில் சுடுநீர் பாயும்; காற்றிறங்கினால் நின்றுவிடும்.

"சேத்துக்காலோடை வீட்டுக்கை ஏறுவியளோ? என்ரை படகும் வீடுதான். கழுவுங்கோ!"

சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறும். அவருக்குக் கால்தான் கவலை. ஏறுகிற ஒவ்வொருவரும் பத்துத்தரம் பம்படிக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மறுத்தார்.

"மாஸ்ரர், படிச்ச ஆக்களே இப்பிடிச் செய்தால்?"

மாஸ்ரர் இருபது அடித்தார்.

அன்று படகு முதலாளியும் தன் சைக்கிளோடு ஏறினார். பீப்பா நாலு பேரின் இடத்தை அடைக்கிறது என்பது அவருடைய நெடுநாள் வழக்கு.

"டேய், அக்கரை போறதுக்கிடையிலை தண்ணி வரேல்லையெண்டால் பீப்பா கடலுக்கை."

"வரும், முதலாளி."

வரவில்லை. நாங்கள் அடித்த காற்றெல்லாம் சீறிக்கொண்டு வெளியே போனது. வால்வு இற்றுவிட்டது. புது வால்வு கடைகளில் கண்ணில் பட்டு மாதக்கணக்கு.

முதலாளி முன்பக்கம் போய் உட்கார்ந்தார். அண்ணை பின்னால், சாத்தியிருந்த சைக்கிள்களுக்கிடையில் குனிந்தார். நிமிர்ந்து பீப்பாவின் தலையில் எதையோ முறுக்கிவிட்டுப் பம்பை எடுத்தார். பத்தாவது அடியில் பைப் இருமியது. பிறகு ஆவி பறக்கக் கொட்டியது.

மழையில் விறைத்த கால்களை முதலாளி நீட்டினார். கண்கள் தாமாகவே மூடின.

"இன்னும் கொஞ்சம் விடடா."

அக்கரையில் இறங்கியபோது அவருடைய சைக்கிளின் முன்சில்லு காற்றில்லாமல் சப்பளிந்து கிடந்தது.

"என்ரை வால்வு எங்கையடா?"

"அதுதான் முதலாளி இவ்வளவு நேரமும் உங்கடை காலைக் கழுவினது."

தண்ணீர் வந்துவிட்டதால் பீப்பாவை எறியவும் முடியாது. வால்வைப் பிடுங்கிக்கொண்டு, சில்லுக்குக் காற்றடித்தபடியே வைதார். அடித்த பம்பும் அண்ணையுடையது.

அடுத்த நாள் காலை, வேலை தேடி நின்ற எனக்கு முதலாளி வேலை தந்தார்: படகில் ஏறும் சைக்கிள்களில் அண்ணை கை வைக்காமல் காவல் இருப்பது.

முதல் வேலையாக, என் சைக்கிளின் வால்வைக் கழற்றி அண்ணையிடம் கொடுத்தேன்.