வலம் வர மறுத்த கார்

எதையும் எண்ணிப் பார்க்கிறவர்களை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். நான் அந்த வகை. உத்திரமேரூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் என் இலையில் விழுந்த வடையையும் பக்கத்து இலையில் விழுந்த வடையையும் எண்ணுவேன். (ஒப்பிடுவதற்காக அல்ல. சரி, ஒப்பிடுவதற்காகத்தான்.) வீட்டைப் பூட்டினால் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், சந்தேகம் வந்து திரும்பி வருவேன். இவ்வளவு எண்ணுகிற மனிதன் தப்புச் செய்ய மாட்டான் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன். என் மனைவி சரோஜா மட்டும் நம்பவில்லை. பேத்தி கீர்த்தனாவின் கல்யாணத்தில் அவள் பக்கம்தான் நியாயம் என்று நிரூபணம் ஆயிற்று.

சரோஜாவின் தம்பி கஜபதி காவாந்தண்டலத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவன். அவனிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருக்கிறது. அவன் அப்பா காலத்தில் சென்னையில் வாங்கியது. கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிட்டால் திறந்த கார். நீளம் பதினெட்டு அடி (நானே டேப் வைத்து அளந்தேன்). ஸ்டீரிங் இடப்பக்கம். கடல் பச்சை நிறம். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு போல இறக்கைகள் எழும்பி நிற்கும். ஊரில் அதற்குப் பெயர் கப்பல். அது தெருவில் போனால் எருமைகூட அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும். சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் அந்தக் கார்தான். மனிதன் செய்த பொருள்களில் அவ்வளவு அழகான இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

ஒரே குறை, அதன் சக்கரங்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு ஒல்லி டயர். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கை நிறைய மோதிரம் என்று வந்து நின்று, காலில் குளியலறைச் செருப்பு போட்டிருக்கிற மாமனார் போல இருக்கும். என் பேத்தியின் மாப்பிள்ளை அதில் வரப்போகிறார் என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. சென்னையில் இருக்கும் மகனிடம் சொல்லி, அகலமான அலாய் வீல் நாலும் அதற்கேற்ற டயரும் வரவழைத்தேன். பழைய சக்கரம் ஐந்தரை அங்குலம், புதுசு எட்டு. பார்த்தால் வெள்ளித் தாம்பாளம்.

"பழசே நல்லாத்தான கீது மாமா. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றான் கஜபதி.

"நம்ம கீர்த்தனா மாப்ள ஊர்வலம் வர்ற வண்டிடா. காலும் அழகா இருக்க வேணாமா?"

அவன் புதுச் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். அவனுக்கும் ஆசை வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. "அளவெல்லாம் பாத்துக்கினீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

என்னைப் பார்த்து அந்தக் கேள்வி.

பார்த்தேன். ஒரு சக்கரத்துக்கு ஐந்து போல்ட்டு, துளைகள் ஒன்றோடொன்று பொருந்தின. ஸ்டீரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லி, வலது முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. இடது டயரையும் அப்படிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கொட்டகையில் கார் இடப்பக்கச் சுவரை ஒட்டி நின்றது. அந்தச் சந்துக்குள் நுழைய என் வயிறு ஒத்துழைக்கவில்லை. வண்டியை வெளியே எடுக்கச் சொல்லியிருக்கலாம். நான் அதற்குப் பதிலாக, வலப்பக்கம் எவ்வளவோ இடப்பக்கமும் அவ்வளவே என்று முடிவு செய்தேன். சமச்சீர் என்று காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் வேறென்ன செய்வான்.

பல வருஷங்களுக்கு முன்னால் அந்தக் கார் ஒரு கரும்பு டிராக்டர் மேல் இடித்து, இடது மட்கார்டு நசுங்கி, அதைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெளியே பார்த்தால் தெரியாது. உள்ளே விளிம்பு இரண்டு விரல் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. கஜபதிக்கு அது மறந்தே போயிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது.

மாப்பிள்ளை தினேஷ் பழையசீவரத்துப் பையன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கிழக்கு வீதிப் பிள்ளையார் கோயிலில் பூஜை முடித்துக் காரில் ஏறினார். அங்கிருந்து பெரிய கோயிலை வலமாகச் சுற்றி மண்டபம் போக வேண்டும். நாதஸ்வரம், விளக்கு, பூ அலங்காரம், அத்தனையும் தயார். என் சக்கரங்கள் மின்னின. மாப்பிள்ளையோடு இரண்டு பேர் செல்ஃபி எடுத்தார்கள், சக்கரத்தோடு மூன்று பேர். (எண்ணினேன்.) காவாந்தண்டலத்திலிருந்து வந்த வழியில் பெரிய திருப்பம் ஒன்றும் கிடையாது என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

வீதி முனையில் கஜபதி ஸ்டீரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தான். ஆட்டுக்கல்லில் தேங்காய் ஓடு சிக்கிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. கூடவே ரப்பர் கருகும் வாசனை. கொஞ்சம் பின்னால் எடுத்து மறுபடி ஒடித்தான். மறுபடி அதே சத்தம். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். நான் பட்டு வேட்டியோடு ரோட்டில் மண்டியிட்டுப் பார்த்தேன். இடது டயரை மட்கார்டின் விளிம்பு சீவிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு அடி போனால் டயர் கிழியும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். முறுக்கின மீசை, முறுக்கின மனுஷர்.

"இன்னா வாத்தியாரே, வண்டி நின்னுபோச்சா?"

"நிக்கலைங்க. நல்லா ஓடும். வலது பக்கம்தான் திரும்பாது."

"அப்புறம்?"

"இடது பக்கம் நல்லா திரும்பும்."

அந்த நேரத்தில் அதை ஒரு நல்ல செய்தியாக நினைத்துத்தான் சொன்னேன்.

"எம்புள்ளைய இடமா சுத்தி இட்டுக்கினு போவச் சொல்றீங்களா? இடமா சுத்துறது எந்தக் காரியத்துக்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

"வேணும்னா மாப்ள எறங்கி நடந்து..."

"ஏறுன மாப்ள பாதில எறங்குவானா? நல்லாகீது உங்க வூட்டு நாயம்."

கல்யாணம் நின்றுபோகாது, அது தெரியும். ஆனால் கீர்த்தனா அந்த வீட்டில் வாழப் போகிறவள். நாளைக்கு யாருக்காவது காய்ச்சல் வந்தாலும், மாடு பால் கறக்காவிட்டாலும், "அன்னிக்கே வண்டி நின்னுச்சு" என்று அவள் காதுபட ஒருவர் சொல்வார். ஆயுசு முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பேச்சை நானே காசு கொடுத்து வாங்கி நாலு சக்கரமாக மாட்டியிருந்தேன்.

சரோஜா சீர்த் தட்டோடு பக்கத்தில் வந்தாள். "அளந்தீங்களே, இன்னாத்த அளந்தீங்க? முன்னால போனா திரும்பாதுன்னா, உங்க வீல பின்னால போவச் சொல்லுங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கஜபதி தலையைத் தூக்கினான். "அக்கா, இன்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லலடா. வயித்தெரிச்சல்ல சொன்னேன்."

"இல்லக்கா, சரியாத்தான் சொன்ன. ரிவர்ஸ்ல போனா ஸ்டீரிங்க இடதுபக்கம் ஒடிச்சாலே வலமா சுத்தலாம்."

நான் உள்ளங்கையில் விரலால் கோயிலையும் காரையும் வரைந்து பார்த்தேன். வந்தது. அன்று எனக்குச் சரியாக வந்த கணக்கு அது ஒன்றுதான்.

பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "பின்னாலயே போனா சாமி மாப்ளைக்கு இடது கைப்பக்கம் வரும். அதுவும் இடம்தான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அதுவரை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்தார். ஷூவைக் கழற்றினார். பின்சீட்டின் மேல் ஏறி, மடக்கிய கூரை மேல் அப்படியே திரும்பி உட்கார்ந்து, காலை டிக்கி மேல் வைத்துக்கொண்டார். இப்போது அவர் முகம் காரின் பின்பக்கம் பார்த்து இருந்தது.

"பெரிப்பா, இந்தத் தெருவுல இப்டி போனா சாமி எந்தக் கைப்பக்கம்?"

பெரியப்பா தன் கையைப் பார்த்தார், பையனின் கையைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். "வலதுதான்," என்றார், மனசில்லாமல்.

"அப்ப நான் முன்னாலதான் போறேன். வண்டிதான் பின்னால வருது."

கூட்டம் சிரித்துவிட்டது. பெரியப்பாவின் மீசையும் கொஞ்சம் அசைந்தது.

கஜபதி எதிரே கடைத்தெருவுக்குள் இடப்பக்கமாக மூக்கை நுழைத்தான். அங்கிருந்து நேரே பின்வாங்கித் தெற்கு வீதிக்குள் கொண்டு வந்தான். பதினெட்டு அடிக் காரை, உடம்பை முறுக்கித் திரும்பிப் பார்த்தபடி, நடக்கிற வேகத்தில், வீதி வீதியாக ஒரு பூ உதிராமல் ஓட்டினான். அவன் கண்ணை மாப்பிள்ளையின் முதுகு மறைத்தது. அதனால் மாப்பிள்ளையே டிக்கியைத் தட்டித் தட்டி "வரலாம் மாமா, வரலாம்" என்று கண்டக்டர் வேலையும் பார்த்தார். நாதஸ்வரம் மறுபடி எழும்பியது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் காரின் அழகே பின்பக்கம்தான். இறக்கை விரித்து, சிவப்பு விளக்கெரிய, அது முன்னே வந்தபோது நிஜமாகவே கப்பல் துறைக்கு வருவது போல இருந்தது. இத்தனை வருஷம் அதைத் தப்புப் பக்கமாக ஓட்டியிருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றியது.

மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கிறவர்கள் பழக்கத்தில் முன்விளக்குப் பக்கம் போய் நின்றார்கள். பிறகு தட்டில் கற்பூரம் அணையாமல் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கீர்த்தனா, கல்யாணப் பெண் என்பதையே மறந்து, சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. இந்தப் பையனோடு இவள் சமாளித்துக்கொள்வாள் என்று தெரிந்துவிட்டது.

கஜபதி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுவாரமே மட்கார்டை இழுத்துச் சரி செய்து, அதே அலாய் வீலோடு ஓட்டுகிறான். "மாமா வாங்கிக் குடுத்தது" என்று கேட்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறான். (எனக்கு ஒவ்வொரு தடவையும் கூச்சமாக இருக்கும்.) சிலர் ஊர்வலத்துக்குப் பேச வரும்போதே, "ரிவர்ஸ்லயே வந்துடுங்க" என்று கேட்கிறார்களாம்.

போன மாதம் பழையசீவரம் போயிருந்தோம். கீர்த்தனாவின் குழந்தை தவழ ஆரம்பித்திருந்தாள். பொம்மையை எதிரே வைத்துக் கூப்பிட்டால், அதையே பார்த்துக்கொண்டு, கையை ஊன்றி ஊன்றிப் பின்னால் போகிறாள். கூடம் முழுக்கப் பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டி நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கவலை. டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன். வீட்டில் இருந்த ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "டாக்டரு எதுக்கு வாத்தியாரே? இதுக்கு வீல் மாட்டுனது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"