மணி அடித்தால் இடத்துக்குப் போ

"உங்க நாய் குரைக்கிறது எனக்கு நல்லா கேக்குது" என்று எதிர்வீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி மாடிப்படியில் நின்று சொன்னபோது, தட்டச்சர் கையிலிருந்த பால் பாக்கெட் நழுவி இரண்டு படி கீழே போய் விழுந்தது.

"மன்னிச்சுக்கணும் ஐயா. இனிமே பாத்துக்கறேன்" என்றார் தட்டச்சர்.

பெரியவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் தட்டச்சர் அதைப் படி இறங்குவதற்குள் மறந்திருப்பார். ஆனால் அவர் கோர்ட்டில் வேலை பார்ப்பவர். நீதிபதிகளின் வாயிலிருந்து வருவதை ஓர் எழுத்துப் பிசகாமல் அடித்து அடித்தே தலை நரைத்தவர். ஒரு நீதிபதி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, எதிராளி பேசுவதைக் காதில் வாங்காமல் எழுந்து போனால் அதற்குப் பெயர் தீர்ப்பு என்பது அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை.

"என்ன சொன்னார்?"

"கேக்குதுன்னார்."

"அவ்ளோதானே?"

"அவ்ளோதானா? நீதிபதிங்க வளவளன்னு பேச மாட்டாங்க. கேக்குதுன்னா, கேட்டுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன்னு அர்த்தம்."

மெஷின் நின்றது. போன வீட்டைக் காலி செய்ததே இந்த நாயால்தான். இந்தக் குடியிருப்பில் சட்டம் இன்னும் கறார். யாராவது ஒருவர் சங்கத்தில் புகார் கொடுத்து அது நிரூபணமானால், ஒன்று நாய் போக வேண்டும், இல்லையென்றால் அதை வளர்க்கிறவர்கள் போக வேண்டும்.

நாயின் பெயர் பட்டாணி. மகள் வைத்த பெயர். ஆதரவற்ற பிராணிகள் காப்பகத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது, "அதை மட்டும் விட்டுடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இப்போதும் வீடியோவில் கூப்பிட்டால் முதலில் நாயைத்தான் காட்டச் சொல்வாள். அப்பா அம்மா முகம் அதற்குப் பிறகுதான்.

ஆள் செருப்புப் பெட்டி அளவு. குரல் மட்டும் லாரி ஹாரன். குடையைக் கண்டால் பயம், ஹெல்மெட்டைக் கண்டால் பயம், உலர்த்திய போர்வை காற்றில் ஆடினால் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக வாசல் மணி. மணி அடித்தால் தையல் மெஷினுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் வெடவெடக்க, தொண்டை கட்டும்வரை குரைக்கும். மனைவி துணி தைத்துக் கொடுப்பவள். பேண்ட் நீளத்தைக் குறைக்க, ஜிப் மாற்ற என்று நாளெல்லாம் ஆட்கள் வந்துபோவார்கள். ஆகவே நாளெல்லாம் மணி. நாளெல்லாம் ஹாரன்.

விசாரித்ததில் நாய்களைப் பழக்கும் பெண் ஒருத்தி கிடைத்தாள். எல்லோரும் அவளை நாய் டீச்சர் என்றார்கள். அவள் வந்ததும் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். பட்டாணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டாணியே வந்து அவள் முழங்காலை முகர்ந்தது.

"இது திமிர் இல்ல சார், பயம். மணி அடிச்சா ஏதோ ஆபத்து வருதுன்னு நினைக்குது. மணி அடிச்சா கோழி வருதுன்னு நாம மாத்திக் காட்டணும்."

மணிச் சத்தத்தை போனில் பதிவு செய்ய வேண்டும். முதலில் மிக மெல்லிசாக வைத்துக் காட்ட வேண்டும். உடனே வேகவைத்த கோழியில் சின்னத் துண்டு. பிறகு ஒரு பழைய விரிப்பைக் காட்டி, நிதானமான குரலில் "இடத்துக்குப் போ" என்று சொல்ல வேண்டும். போய்ப் படுத்தால் "நல்ல புள்ள" என்று சொல்லி இன்னொரு துண்டு. நாள் போகப்போகச் சத்தத்தைக் கூட்டலாம்.

"முக்கியமா ஒண்ணு" என்றாள் டீச்சர். "மணி அடிச்சதும் நீங்க ரெண்டு பேரும் துள்ளி எழுந்திரிக்கக் கூடாது. நீங்க பதறினா அதுவும் பதறும். வீட்ல ஒருத்தர் அமைதியானா பக்கத்துல இருக்கறவங்களும் தானா அமைதியாயிடுவாங்க."

தட்டச்சர் அதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். மணி அடிக்கும். அவர் அசையமாட்டார். மனைவி எழப்போனால் கையால் அமர்த்துவார். இருவரும் புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். பட்டாணி குரைத்து ஓய்ந்து, விரிப்புக்குப் போய், கோழி தின்று முடித்த பிறகு கதவைத் திறந்தால் வாசலில் ஆள் இருக்கமாட்டார்.

"நேர்முகத் தேர்வுக்குப் போறவன் பேண்ட்டு என்கிட்ட இருக்கு. அவன் வந்து நின்னுட்டுப் போயிட்டான். இப்ப எதைப் போட்டுக்கிட்டுப் போவான்?" என்று மனைவி கேட்டாள்.

அதற்கு ஒரு வழி செய்தார். கதவில் ஒரு அட்டை தொங்கவிட்டார். "மணியை அழுத்த வேண்டாம். போன் செய்யவும்." மனைவியின் கைகள் எப்போதும் மெஷினில் இருப்பதால், பொறுப்பாகத் தன்னுடைய எண்ணை எழுதினார். பகல் முழுவதும் தான் கோர்ட்டில் இருப்போம் என்பது அட்டை எழுதியபோது அவருக்குத் தோன்றவில்லை. பயிற்சிக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாசல் மணியின் சத்தத்தையே போனின் ரிங்டோனாக வைத்திருந்ததும் தோன்றவில்லை.

மறுநாள் கோர்ட்டில் ஒரு வக்கீல் எழுந்து நின்று, முன்பே சொன்னதை வேறு வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தார். நீதிபதி அம்மா மேசைமீது விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவருக்கு ஜிப் அவசரம். தட்டச்சரின் சட்டைப்பையிலிருந்து வாசல் மணி அடித்தது.

அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல் வருவதற்குப் பெயர்தானே பழக்கம். தலையை நிமிர்த்தாமல், நிதானமான குரலில், "இடத்துக்குப் போ" என்றார்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல புள்ள" என்றார் தட்டச்சர். கை தானாகப் பைக்குள் போய் எதையோ எடுத்து வக்கீல் பக்கம் நீட்டியது.



"அது என்ன?" என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"கோழிங்கம்மா."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அதைப் பதிவுல ஏத்த வேண்டாம்."

மாலை அவரைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார்கள். வேலை போய்விட்டது என்ற முடிவோடுதான் தட்டச்சர் உள்ளே போனார். நாயைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். நீதிபதி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை இனி வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அவர் வாசலைத் தாண்டும்போது மட்டும், "அந்த வக்கீல் சொன்னதும் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல" என்றார். அது கண்டனமா பாராட்டா என்று தட்டச்சருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கிழித்தார். ஸ்டூல் போட்டு ஏறி வாசல் மணியையே கழற்றிவிட்டார். மணி இருந்தால்தானே குரைப்பு. வருகிறவர்கள் விரலால் மெல்லத் தட்டட்டும், அது பட்டாணிக்குப் பரவாயில்லை.

இறங்கி ஸ்டூலை உள்ளே வைப்பதற்குள் மணி அடித்தது. பட்டாணி மெஷினுக்கு அடியில் பாய்ந்து ஊரைக் கூட்டியது. தட்டச்சர் தன் கையிலிருந்த மணியைப் பார்த்தார். அது அடிக்கவில்லை. எதிர்வீட்டு மணி. கட்டடம் கட்டியவர் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி மணி வாங்கி மாட்டியிருந்தார்.

"அப்ப அந்த மணியிலயே பழக்குங்க சார்" என்றாள் டீச்சர் போனில். "எதிர்வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அடிக்கடி அடிச்சுப் பாருங்க."

"அவர் நீதிபதிம்மா."

"அதனால என்ன?"

அதனால் என்ன என்பதை போனில் எப்படி விளக்குவது? நாயால் தொந்தரவு என்று சொன்ன மனிதரிடமே போய், உங்கள் மணியை அடித்து என் நாயைக் குரைக்கவைக்க அனுமதி வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது? தட்டச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டாணி வழக்கம்போல் அவர் பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. அதன் மூச்சு பாதத்தில் சூடாகப் பட்டது. மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே போனார்.

எதிர்வீட்டு மணியை அழுத்தினார். ஒரே ஓட்டம். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கதவுத் துளையில் கண்ணை வைத்தார். பட்டாணி வீடு அதிரக் குரைத்தது. எதிர்வீட்டுக் கதவு உடனே திறந்தது. பெரியவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், மாடிப்படியை எட்டிப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"பேரன் எடுக்கிற வயசுல மணி அடிச்சிட்டு ஓடி வர்றீங்க" என்றாள் மனைவி, கையில் கோழிக் கிண்ணத்தோடு.

"மெதுவா பேசு. அவருக்குக் கேட்டுடப்போகுது."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் கோர்ட்டுக்குக் கிளம்புமுன் ஒரு ஓட்டம், மாலையில் வந்ததும் ஒரு ஓட்டம். ஒருமுறை கால் வழுக்கி முட்டி பெயர்ந்தது. ஒருமுறை விரல் மணியில் இருக்கும்போதே வாட்ச்மேன் மாடி ஏறி வந்துவிட்டான்.

"என்ன சார், ஐயாவைப் பாக்கணுமா?"

"இல்லப்பா. மணி வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"செய்யுதா?"

"நல்லா செய்யுது" என்று சொல்லிவிட்டுத் தட்டச்சர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

ஆனால் பலன் கிடைத்தது. முதலில் குரைப்பு சுருங்கியது. பிறகு உறுமலாகத் தேய்ந்தது. பிறகு ஒரு செருமல். கடைசியில் ஒரு நாள், மணி அடித்ததும் பட்டாணி எழுந்து, சோம்பல் முறித்து, யாரும் சொல்லாமலே விரிப்புக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அதைப் பார்த்து மனைவியின் கண் கலங்கிவிட்டது.

இன்னொரு அதிசயத்தையும் தட்டச்சர் கவனித்தார். நாய் அமைதியாக ஆக, பெரியவரும் கதவைத் திறப்பதை நிறுத்திவிட்டார். எத்தனை தடவை அடித்தாலும் உள்ளே அசைவில்லை.

"டீச்சர் சொன்னது சரிதான். அவரும் சேந்து அமைதியாயிட்டார்."

"அவருக்குக் கோழி யார் குடுத்தா?" என்று மனைவி கேட்டாள்.

அதன் பிறகு தட்டச்சர் ஓட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. எதிர்வீட்டுக்கு வருகிறவர்களே மணியை அடித்து பட்டாணியைச் சோதித்துவிட்டுப் போனார்கள். மருந்துக் கடை ஆள் அடித்தார். செஸ் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நண்பர் ஒருவர் வந்து அடித்தார். பட்டாணி ஒரு காதைக்கூடத் தூக்கவில்லை. பயணப்பெட்டியோடு ஒருவர், கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வந்து, விட்டு விட்டு அடித்தார்.

"யாரோ ரொம்ப நேரமா நிக்கறாங்க. போய் என்னன்னு கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"பெரியவர் உள்ளதான் இருக்கார். யாரைப் பாக்கணும், யாரைப் பாக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா? நீ இங்க பாரு, இத்தனை தடவை அடிச்சும் இவன் அசையல" என்று தட்டச்சர் மகளுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

பயணப்பெட்டியின் சக்கரங்கள் கடகடவென்று படியில் இறங்கிப் போகும் சத்தமும் அந்த வீடியோவில் பதிவானது.

விடுமுறை நாளன்று வாட்ச்மேன் வந்து விரலால் கதவைத் தட்டினான். முகம் சரியில்லை.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எதிர்வீட்டு ஐயா உங்க நாயைப் பத்தி சங்கத்துல புகார் சொல்லியிருக்கார். உங்களை வரச் சொன்னாங்க."

தட்டச்சருக்குக் காது மடல் சூடானது. வாழ்க்கையில் எந்த நீதிபதியையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராத மனிதர், அன்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார்.

"புகாரா? எதுக்கு? நீ கீழேயேதானே இருக்க, நீயே சொல்லு. இத்தனை நாள்ல ஒரு சத்தம் வந்திருக்கா? உள்ள வந்து பாரு, எப்படித் தூங்குதுன்னு. அது குரைக்கிறதையே விட்டுடுச்சுப்பா."

வாட்ச்மேன் எதிர்வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"புகாரே அதுதான் சார். அவருக்கு வாசல் மணி காதுல விழாதாம், உங்க நாய் குரைச்சாத்தான் ஆள் வந்திருக்குன்னு தெரிஞ்சு எழுந்து வருவாராம், இப்ப பெத்த மகனே பேரனோட வந்து நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாராம்."