காலி மனைக் காவலர்

காலி மனைக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் வைத்த ஆளில்லை, தானாக முளைப்பவர். திண்டிவனம் பக்கம் ஒரு மனை வாங்கி, நாலு மூலையிலும் கல் நட்டு, பூசை போட்டுவிட்டு நீங்கள் விழுப்புரம் பஸ் ஏறினால் போதும், பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார். “சும்மாதானே கெடக்குது!”

முதலில் கொடி கட்டி வேட்டி காயப்போடுவார், பிறகு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காயும், ஆடு வரும், ஆட்டுக்கு வெயில் ஆகாதென்று கீற்றுக் கொட்டகை வரும், ஆட்டுக்குத் துணையாகக் கட்டில் வரும், கட்டிலுக்கு ஃபேன் வரும். மூலைக்கல்லா? அதன்மேல்தான் துணி துவைக்கிறார்.

என் ஓரகத்தியின் அண்ணன் மருமகன் தாண்டவராயன் இந்த இனம். மனைக்காரி வடிவு அவருக்குச் சித்தப்பா மகள். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் கரண்டி பிடித்தவள். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இந்த மனையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

போன தை மாதம் சர்வேயரோடு வந்து நின்றாள்.

“அண்ணா, கொட்டாயப் பிரி. வீடு கட்டப் போறேன்.”

“பன்னெண்டு வருசமா அனுபவிச்சிக்கினு வர்றேன் தங்கச்சி. சட்டம் எம்பக்கம். வக்கீலே சொல்லிட்டாரு.”

“இன்னா சொன்னாரு?”

“எடம் என்னுதுதான்னு ஊரறிய இருந்திருக்கணுமாம். இருந்தனே!”

வடிவு பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். “போன வருசம் உம்பொண்ணு துர்கா கல்யாணத்துக்கு நீ அடிச்சது. சார், கடைசி வரியப் படிங்க.”

சர்வேயர் படித்தார்: “விருந்து நடைபெறும் இடம்: மணமகளின் அத்தை திருமதி வடிவு அவர்களின் சொந்த மனை.”

“எண்ணூறு பத்திரிக்கண்ணா. ஊரே அறிஞ்சிக்கிச்சு.”

“உம்பேரப் போடலன்னா கோச்சிக்குவியேன்னு போட்டம்மா!” என்றார் அண்ணன். அழாத குறை.

கொட்டகை பிரிந்தது. ஆடும் கட்டிலும் ஃபேனும் வீடு திரும்பின. இப்போது அண்ணன் கட்சி மாறிவிட்டார். அவர் சுவரோரம் யாரோ பைக் நிறுத்துகிறார்களாம். “எடத்துக்காரன் மனுசன் இல்லியா? அவனுக்கு உரிமை இல்லியா?” என்று தெருவைக் கூட்டுகிறார்.

சிரிக்கிறீர்களா? நாங்களும் சிரித்தோம். அன்று வடிவின் மனையை அளந்து முடித்த சர்வேயர், டேப்பைச் சுருட்டாமல் தெருப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், தெரு முழுக்கக் கதவு சாத்திக்கொண்டது. நீங்களும் கொஞ்சம் குனிந்து பாருங்கள்: உங்கள் வாசலில் கடைசிப் படி யார் இடத்தில் நிற்கிறது?