மாமனார் சுமந்து வந்த உப்பு

சுற்றிலும் கடல் இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குள் கடல்நீர் தயாரித்தவன் நான். இதை வெளியில் சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் நான் சொல்லாவிட்டாலும் என் மாமனார் சொல்லிவிடுகிறார்.

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வாடகை வீடு. கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி மலர்விழியின் அப்பா தண்ணீருக்குத் தவிக்கும் கமுதிக்காரர். போனை எடுத்தால் முதல் கேள்வியே, "அங்கிட்டு தண்ணியெல்லாம் எப்படி மாப்ள?" என்பதுதான். "சுத்தியும் தண்ணிதான் மாமா" என்று மழுப்புவேன். (எங்கள் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அதைக் குளியலறையில் ஒரு நீல டிரம்மில் பிடித்துவைத்துக் காலம் தள்ளினோம்.) மகளை இங்கே விட்டுவைப்பதா, என்னை ஊருக்கு மாற்றல் வாங்கச் சொல்வதா என்று நேரில் பார்த்து முடிவுசெய்ய அவர் கப்பல் ஏறினார்.

"எனக்கு இப்பத்தான் ஸ்கூல்ல வேலை கிடைச்சிருக்கு. ஊருக்குப் போகச் சொல்லிட்டா அவ்வளவுதான். அப்பா முன்னாடி எந்தக் கிறுக்குத்தனமும் பண்ணிடாதீங்க" என்றாள் மலர்.

நானோ அவரை அசத்துவதற்காக ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கியிருந்தேன். கடல்மீன் வளர்க்க! யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர், துறைமுகத் தண்ணீரைத் தொடாதே, அதற்கென்றே விற்கும் உப்பை நல்ல தண்ணீரில் கலந்து ஊற்று என்றிருந்தார். மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் எதையாவது வாங்கிவரச் சொல்வது எங்கள் தீவு வழக்கம். மாமனாரையும் விடவில்லை. சென்னைக் கடையில் சொல்லிவைத்து, பத்து கிலோ உப்பு வாளி ஒன்றை அவர் தலையில் கட்டினேன்.

மூன்று நாள் கடலில் வாந்தியெடுத்தபடி, அந்த வாளியைக் காலுக்கிடையிலேயே வைத்துக் காத்து வந்திருக்கிறார் மனிதர். ஏதோ மருந்து என்று நினைப்பு. வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் படுத்தவர் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். மலர் ஜங்லிகாட் சந்தைக்கு மீன் வாங்கப் போனாள். (குழம்புக்கு.)

அவர் எழும்போது தொட்டி தயாராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. பெரிய பாத்திரத்தில் கலக்கச் சொல்லியிருந்தார் வெள்ளைக்காரர். வீட்டிலிருந்த பெரிய பாத்திரம் நீல டிரம்தான். வாளியை அதில் கவிழ்த்து, துணி காயப்போடும் கம்பால் கலக்கினேன். அவர் எழுந்து குளிக்கப் போனதே தெரியாமல் நான் முன்னறையில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள! சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. தண்ணி என்ன இந்தக் கரிப்புக் கரிக்குது?"

"அது... நீங்க கொண்டுவந்த உப்பு மாமா."

கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலையெல்லாம் சோப்பு. "மூணு நாளு கடல்லதான வந்தேன்! அந்த உப்பு பத்தாதுன்னு என்னயவே சுமக்கவச்சு, இருந்த நல்ல தண்ணியிலயும் கொட்டிட்டீகளே!"

அடுத்த வீட்டு வங்காளி மண்டல் தாதாவிடம் (தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன்) ஓடி இரண்டு வாளி தண்ணீர் கேட்டேன். காரணத்தைக் கேட்டவர், "சமுந்தர் மே ரஹ்கே நமக் மங்காயா?" என்றார். கடலில் இருந்துகொண்டு உப்பு வரவழைத்தாயா என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். வாளிகளையும் தானே தூக்கிவந்தார், மாமனாரைப் பார்க்கும் ஆசையில்.

மீனோடு திரும்பிய மலர் பையை வைத்துவிட்டு நேராகப் போய் நீல டிரம்மை எட்டிப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது. மாமனார் குளித்துவிட்டு வந்து தொட்டியின் முன் நின்றார்.

"மீன் எங்க மாப்ள?"

"தண்ணி பக்குவப்பட ஒரு மாசம் ஆகும் மாமா. அப்புறம்தான் மீன்."

தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"தாயி, மாத்தலும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இங்கனயே இரு. மாப்பிள்ளைய ஊருக்குக் கூட்டியாந்தா, இருக்குற ஒத்த ஊருணியும் போயிரும்."

மலர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குப் போன உயிர் திரும்பியது.

மீன் வரவேயில்லை. அந்தக் கண்ணாடித் தொட்டியில் இப்போது நல்ல தண்ணீர் பிடித்துவைக்கிறோம். மாமனார் ஒவ்வொரு தடவை வரும்போதும், குளிக்கப் போகுமுன் அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துண்டை எடுக்கிறார்.